நீதிக்கு எத்தனை பர்சென்ட்? கோர்ட் ஃபீஸ் வந்த கதை

இந்த எபிசோடுக்கான ஐடியா ஒரு டீக்கடையில கிடைச்சது. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் தெரிஞ்சவருக்கு 5 லட்சம் கடன் கொடுத்து ஏமாந்துட்டான். கேஸ் போடலாம்னு வக்கீல்கிட்ட போனா, "முதல்ல கோர்ட் ஃபீஸ் 15,000 ரூபாய் கட்டணும்"னு சொல்லியிருக்கார். "காசை இழந்தவன் நான், நானே இன்னும் காசு கட்டணுமா?"ன்னு கேட்டான். 2017-க்கு முன்னாடி தமிழ்நாட்டுல இது 7.5 சதவீதம். அதாவது 37,500 ரூபாய். இப்போ 3 சதவீதம். சரி, இந்த பர்சென்ட் கணக்கு எங்கிருந்து வந்தது? அதுக்கு நாம வங்காளத்துக்குப் போகணும்.

கம்பெனி வர்றதுக்கு முன்னாடி, வழக்குத் தொகையில நாலுல ஒரு பங்கை 'சௌத்'னு எடுத்துக்கிற வழக்கம் அங்கே இருந்தது. 1772-ல வாரன் ஹேஸ்டிங்ஸ் போட்ட திட்டம் அதை ஒழிச்சது. அடுத்த வருஷமே லண்டன்ல ரெகுலேட்டிங் சட்டம் வருது. கல்கத்தாவுல ஒரு சுப்ரீம் கோர்ட். தலைமை நீதிபதிக்கு வருஷத்துக்கு 8,000 பவுண்ட், மத்த மூணு நீதிபதிகளுக்கு ஆளுக்கு 6,000. இதைத் தவிர ஃபீஸ், மேல்வரும்படி எதுவும் வாங்கக்கூடாது. நல்ல சம்பளம் கொடுத்தா கை சுத்தமா இருக்கும்ங்கிறதுதான் கணக்கு.

அந்தக் கணக்கு சீக்கிரமே இடிச்சுது. கோர்ட்டுக்கும் கம்பெனி கவுன்சிலுக்கும் பெரிய அதிகாரச் சண்டை. 1780-ல ஹேஸ்டிங்ஸ், தலைமை நீதிபதி எலைஜா இம்பேயையே கம்பெனியோட மேல்முறையீட்டுக் கோர்ட்டான சதர் திவானி அதாலத்துக்கும் நியமிச்சார். அதுக்குத் தனிச் சம்பளம், மாசம் 5,000 ரூபாய். கம்பெனியைக் கட்டுப்படுத்த வேண்டிய நீதிபதிக்குக் கம்பெனியே சம்பளம் கொடுத்தா எப்படி? லண்டன்ல கொந்தளிச்சாங்க. 1782-ல அவரைத் திருப்பி அழைக்கச் சொல்லி நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. பின்னாடி அவர்மேல கொண்டுவந்த கண்டனத் தீர்மானம் 1788-ல தோத்துப் போச்சு. ஆனா சம்பளம் யார் கையிலிருந்து வருதுங்கிற கேள்வி மட்டும் போகலை.

அடுத்து 1793, கார்ன்வாலிஸ். கலெக்டர்கிட்ட இருந்து நீதி அதிகாரத்தைப் பிரிச்சு ஜில்லா கோர்ட்டுகள் வச்சார். கேஸ் போட அரசாங்கத்துக்கு எந்த ஃபீஸும் வேண்டாம்னார். கீழ் மட்டத்துல, 50 ரூபாய் வரைக்கும் உள்ள வழக்கை விசாரிக்க இந்திய முன்சீப்புகள். இங்கதான் விஷயம் இருக்கு. வெள்ளைக்கார ஜட்ஜுக்கு மாசச் சம்பளம். முன்சீப்புக்குச் சம்பளமே கிடையாது, கமிஷன்தான்! ரூபாய்க்கு ஒரு அணா, அதாவது 6.25 சதவீதம். 50 ரூபாய் கேஸ் முடிச்சா 3 ரூபாய் 2 அணா. கேஸ் கூடினா வருமானமும் கூடும். ஒரே நீதித்துறைக்குள்ள ரெண்டு விதமான பே-ஸ்லிப்.

ஃபீஸ் இல்லைன்னதும் வழக்குகள் குவிஞ்சது. ஒரு சர்வர்ல லோடு தாங்கலைன்னா நாம என்ன பண்ணுவோம்? சர்வரைக் கூட்டுவோம், இல்லைன்னா கோடைச் சரி பண்ணுவோம். கம்பெனி ரெண்டையும் விட்டுட்டு விலையை ஏத்துச்சு. 1795-ல மறுபடியும் ஃபீஸ். காரணம் என்ன சொன்னாங்க? ஆதாரமில்லாத வழக்குகளைத் தடுக்கத்தானாம். ஏற்கெனவே நிலுவையில இருந்த வழக்குகளுக்கும் கெடுவுக்குள்ள கட்டணும், கட்டலைன்னா தள்ளுபடி. 1797-ல முத்திரைத்தாள் வரியும் சேர்ந்துச்சு. க்யூ குறைஞ்சது உண்மைதான். ஆனா அந்தக் க்யூவுல இருந்து விலகிப் போனவன் பொய் வழக்குக்காரனா, இல்ல கையில காசில்லாத உண்மை வழக்குக்காரனா? அது எந்தப் பதிவேட்டுலயும் தெரியாது.

நம்ம மதராஸ் மாகாணத்துல 1816-ல தாமஸ் மன்றோவோட சீர்திருத்தம் வேற வழியில போச்சு. கிராமத் தலைவரையே கிராம முன்சீப் ஆக்கி, 10 ரூபாய் வரைக்கும் உள்ள தகராறை ஊருக்குள்ளேயே தீர்க்கச் சொன்னாங்க. கோர்ட்டுக்கு நடக்குற தூரமும் ஒரு செலவுதான்னு புரிஞ்ச ஏற்பாடு அது. ஆனா ஊர்ல பெரியவர் யாரோ அவரே ஜட்ஜுன்னா, அவரோட தகராறு இருக்கிறவன் எங்கே போவான்ங்கிறதையும் நாம யோசிக்கணும்.

இங்கிலாந்துல ஜெரமி பெந்தம் 1795-லயே இந்த மாதிரி வழக்கு வரிகளை எதிர்த்து ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். கல்கத்தாவுல 1835-ல அந்த வாதத்தை எழுப்பினவர், நம்ம கல்விக் கதையில வழக்கமா திட்டு வாங்குற மெக்காலே! பொய் வழக்கைத் தடுக்கத்தான் ஃபீஸ்னு சொல்றதே அபத்தம்னு எழுதினார். ஃபீஸுக்கு உண்மை, பொய் தெரியாது. பணக்காரன் பொய் வழக்கும் போடுவான், ஏழை உண்மை வழக்கையும் விட்டுடுவான். வழக்கு தேங்கினா கோர்ட்டைச் சரி பண்ணுங்கங்கிறதுதான் அவர் வாதத்தோட சாரம்.

கேட்டாங்களா? 1870-ல கோர்ட் ஃபீஸ் சட்டம் வந்து எல்லாத்தையும் இன்னும் உறுதியாக்குச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் 1958-ல சட்ட ஆணையத்தோட 14-ஆவது அறிக்கை, நீதிபதிகள் சம்பளத்தைப் பொது வரியிலிருந்துதான் கொடுக்கணும், வழக்காடுறவன் தலையில கட்டக்கூடாதுன்னு சொன்னது. ஆனாலும் ஃபீஸ் போகலை. தமிழ்நாட்டுல இன்னைக்கும் நடைமுறையில இருக்கிறது 1955-ஆம் வருஷச் சட்டம்.

ஒரு பயனுள்ள தகவல். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகளுக்கெல்லாம் 1987-ஆம் வருஷச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க.

என் ஃப்ரெண்ட் என்ன பண்ணான்னு கேக்குறீங்களா? இன்னும் கேஸ் போடலை. "15,000 கட்டி, எத்தனை வருஷம் அலையுறது?"ன்னு விட்டுட்டான். கோர்ட்டோட நிலுவைக் கணக்குல ஒரு வழக்கு குறைவு. அதைத் தீர்வுன்னு சொல்ல முடியுமா? நீங்க சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.