மலையடிவாரத்திலிருந்து ரோம் சாசனம்

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் ராசிங்காபுரம், சிலமலை போன்ற மலையடிவாரத்து ஊர்களுக்கு மேற்கே நிற்கும் மலை ஏலக்காய் மலை. வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் அதிகாலையில் போடிமெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போகின்றன, மாலையில் திரும்புகின்றன. 2011 டிசம்பரில் இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையாயிற்று. முல்லைப்பெரியாறு அணைச் சிக்கல் கொதித்த அந்த நாட்களில், தோட்டங்களிலேயே தங்கி வேலைபார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் தாக்குதலுக்கும் மிரட்டலுக்கும் அஞ்சிப் பிள்ளைகுட்டிகளோடு தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தார்கள்.

பன்னாட்டுக் குற்றவியல் சட்டத்தை முதுகலையில் படிக்கும் ஒரு மாணவருக்கு இதைவிட நல்ல தேர்வுக் கேள்வி கிடைக்காது. ஹேக் நகரில் உள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சாசனத்தின் 7ஆம் பிரிவு, மக்களை நாடு கடத்துவதையும் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ப்பதையும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களில் சேர்க்கிறது. இடுக்கியில் நடந்தது அந்தக் குற்றமா? அல்ல என்பதே பொருத்தமான விடை. குடிமக்கள்மீது பரவலான அல்லது திட்டமிட்ட தாக்குதல் நடந்திருக்க வேண்டும். அதன் பின்னே ஓர் அரசின் அல்லது அமைப்பின் கொள்கை இருக்க வேண்டும். அப்படியொரு கொள்கைக்கு இங்கே சான்றில்லை. ஆனாலும் அச்சமே கட்டாயத்துக்கு ஈடாகுமா, தானாகக் கிளம்பியவர் யார், விரட்டப்பட்டவர் யார் என்று படிப்படியாக அலசி அந்த விடைக்கு வந்து சேரும் மாணவர், நியூரம்பர்க் விசாரணையின் ஆண்டுகளை மனப்பாடம் செய்தவரைவிடச் சட்டத்தை ஆழமாக அறிந்திருப்பார்.

நம் சட்டக் கல்வியில் இந்தப் பாடம் பெரும்பாலும் அயலூர்க் கதையாகவே நடத்தப்படுகிறது. நியூரம்பர்க், டோக்கியோ, யூகோஸ்லாவியா, ருவாண்டா, ஹேக் என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். முதுகலைப் பிரிவுகளின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். பன்னாட்டுச் சட்டம் எடுத்தவர் உடன்படிக்கைகளைப் படிக்கிறார். குற்றப்பத்திரிகை எப்படி எழுதப்படுகிறது, சாட்சி எப்படி உடைகிறது என்பது அவர் பாடத்தில் இல்லை. குற்றவியல் எடுத்தவருக்கு அதெல்லாம் தெரியும், உடன்படிக்கை தெரியாது. இரண்டுக்கும் நடுவில் விழும் இந்தத் துறைக்கு ஒருவரும் முழுப்பொறுப்பு ஏற்பதில்லை. இந்தியா கையெழுத்துப் போடாத சாசனத்தைப் படித்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி வேறு எப்போதும் முன்னால் நிற்கிறது. கையெழுத்துப் போடாததுதான் இங்கே அதைப் படிப்பதற்கான முதல் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1998 ஜூலை 17 அன்று ரோமில் நடந்த வாக்கெடுப்பில் 120 நாடுகள் சாசனத்தை ஆதரித்தன, 7 எதிர்த்தன, 21 ஒதுங்கி நின்றன. ஒதுங்கியவற்றில் இந்தியாவும் ஒன்று. ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வழக்குகளை அனுப்பவும் நிறுத்திவைக்கவும் அதிகாரம் தந்தது ஏன், அணு ஆயுதப் பயன்பாட்டைக் குற்றப்பட்டியலில் சேர்க்காதது ஏன் என்று இந்தியா கேட்டது. இந்தக் கேள்விகளை எளிதில் தள்ளிவிட முடியாது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா மூன்றும் சாசனத்துக்குக் கட்டுப்படாமலே பிற நாடுகளை அந்த நீதிமன்றத்துக்கு அனுப்பும் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. ஆனால் 2011 பிப்ரவரியில், பாதுகாப்பு அவையின் தற்காலிக உறுப்பினராக இருந்த இந்தியா, லிபியாவை அதே நீதிமன்றத்துக்கு அனுப்பும் தீர்மானத்துக்கு வாக்களித்தது. எதிர்த்த அதிகாரத்தையே பயன்படுத்திய பிறகு, 1998இன் மறுப்பை மட்டும் காட்டி ஒதுங்கியிருப்பது பொருந்தவில்லை.

நாட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். இனப்படுகொலை ஒப்பந்தத்தை இந்தியா 1959இலேயே ஏற்றது. அதை நிறைவேற்ற ஒரு சட்டம் இன்றுவரை இல்லை. 2018 டிசம்பர் 17 அன்று, 1984 சீக்கியர் படுகொலை தொடர்பான சஜ்ஜன் குமார் வழக்கில் தில்லி உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் எஸ். முரளிதரும் வினோத் கோயலும் இந்தக் குறையை வெளிப்படையாகவே எழுதினார்கள்: இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் நம் குற்றச் சட்டத்தில் இடம்பெறவில்லை, இந்த ஓட்டையை விரைந்து அடைக்க வேண்டும் என்று. அதன்பின் ஐந்தாண்டு கழித்து இந்திய தண்டனைச் சட்டத்தையே மாற்றி 358 பிரிவுகளோடு பாரதிய நியாய சன்ஹிதா இயற்றப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் அதிலும் அவ்விரு குற்றங்களும் இல்லை.

இல்லாததால் என்ன கெட்டுவிட்டது? கொலைக்கும் வன்புணர்வுக்கும் தண்டனை இருக்கிறதே என்பார்கள். இதற்கு விடை வாச்சாத்தியில் கிடைக்கிறது.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். ஊரார் அடிக்கப்பட்டார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போவதற்கே உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது: வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. இவர்களில் 17 பேர் வன்புணர்வுக் குற்றவாளிகள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி பி. வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டார்.

தீர்ப்பில் இன்னொரு கட்டளையும் உண்டு. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அது. ரோம் சாசனத்தின் 28ஆம் பிரிவோ, தன் ஆளுகையில் உள்ளவர் குற்றம் செய்வதை அறிந்தும் தடுக்கவோ தண்டிக்கவோ தவறிய மேலதிகாரியையே குற்றவாளியாக்குகிறது. நம் சட்டத்தில் அவரை எட்டிப்பிடிக்கச் சதியையோ உடந்தையையோ தனியாக மெய்ப்பிக்க வேண்டும். மௌனமாக இருந்தவருக்கு அந்த வலை மிகப் பெரிய கண்ணிகளை விட்டுவைக்கிறது. ஓர் ஊரில் நடந்த ஒரே நடவடிக்கை மானுடத்துக்கு எதிரான குற்றத்தின் அளவை எட்டுமா என்பது விவாதத்துக்குரியது. பரவலானது என்று சொல்ல இயலாது. திட்டமிட்டது என்று வாதாட இடமுண்டு. ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

வாச்சாத்தியோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ருவாண்டா இனப்படுகொலை தொடர்பான அகாயேசு வழக்கு. அதன் மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவநீதம் பிள்ளை. டர்பனில் ஒரு தமிழ்ப் பேருந்து ஓட்டுநரின் மகளாக 1941இல் பிறந்தவர்; ஹார்வர்டில் 1982இல் முதுகலையும் 1988இல் சட்ட முனைவர் பட்டமும் பெற்றவர். அகாயேசுமீது முதலில் சுமத்திய குற்றச்சாட்டில் பாலியல் வன்முறையே இல்லை. சாட்சியம் சொல்லவந்த ஒரு தாய் தன் சிறுமகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். பிறகே 1997இல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 தீர்ப்பு, வன்புணர்வும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று முதன்முறையாக நிலைநாட்டியது. கேட்கத் தெரிந்தவர் மேடையில் அமர்ந்திருந்ததால் சட்டம் நகர்ந்தது. முதுகலைப் படிப்பு அப்படிப்பட்டவர்களை உருவாக்க வேண்டும்.

ஈழத்தைத் தொடாமல் தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை நடத்துவது நேர்மையாகாது. இலங்கையும் சாசனத்தில் சேரவில்லை. எனவே 2009 முள்ளிவாய்க்கால் ஹேக் நீதிமன்றத்தின் நேரடி வரம்புக்குள் வரவில்லை. 2018 செப்டம்பரில் ரோஹிங்கியா விவகாரத்தில் அந்த நீதிமன்றம் ஒரு வழி திறந்தது. நாடு கடத்தல் என்பது எல்லை தாண்டும்போதுதான் முழுமையடைகிறது. மியான்மர் உறுப்பினர் இல்லையென்றாலும் மக்கள் வந்து சேர்ந்த வங்கதேசம் உறுப்பினர். ஆகவே விசாரிக்கலாம் என்றது. இதே வாதத்தை ஈழத்தமிழருக்கும் பொருத்தி அந்நீதிமன்ற வழக்குத் தொடுநரிடம் மனு தரப்பட்டதுமுண்டு. இந்த வாதத்தின்படி பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ சுவிட்சர்லாந்துக்கோ ஓடியவரின் துயரத்துக்கு நீதிமன்றக் கதவு திறக்கலாம். 2006இல் மீண்டும் போர் மூண்டபின் படகேறி ராமேசுவரம் வந்து முகாமில் வாழ்பவருக்குத் திறக்காது, இந்தியா உறுப்பினர் அல்லாததால். ஒரே குண்டுவீச்சிலிருந்து தப்பிய இரண்டு பேருக்கு இரண்டு நீதி. தில்லி 1998இல் எடுத்த முடிவின் விலையை மண்டபம் முகாமும் சேர்த்தே கொடுக்கிறது.

ஆயினும் சான்றுகளைத் திரட்டத் தடையில்லை. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான சான்றுகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் பணியை மனித உரிமை உயர் ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. எந்த நாட்டில் நடந்த கொடுமையையும் தன் நீதிமன்றத்தில் விசாரிக்கும் முறையில்தான் 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஒரு சிரிய உளவு அதிகாரிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இத்தகைய வழக்குகள் சாட்சியத்தில்தான் நிற்கும். தமிழ் பேசும் சாட்சியிடம் அவர் பேச்சுவழக்கிலேயே கேட்டு, காயத்தைக் கிளறாமல், குறுக்கு விசாரணையில் நிற்கும்படி பதிவுசெய்யத் தெரிந்த சட்டத்தரணிகள் தேவை. வேலைவாய்ப்பு இல்லாத படிப்பு என்ற குறை இங்கே பொருந்தாது.

தேனியில் 2019இல் அரசு சட்டக் கல்லூரி வந்த பிறகு, மலையடிவாரத்துக் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சட்டப் படிப்பு வீட்டுக்கு அருகில் வந்திருக்கிறது. அவர்களில் சிலர் முதுகலைக்குப் போவார்கள். அவர்கள் போய்ச்சேரும் பல்கலைக்கழகங்கள் பன்னாட்டுச் சட்டப் பிரிவையும் குற்றவியல் பிரிவையும் இந்த ஒரு தாளுக்காவது ஒரே வகுப்பில் உட்காரவைக்க வேண்டும். வாச்சாத்தியின் இரண்டு தீர்ப்புகளையும், சஜ்ஜன் குமார் தீர்ப்பையும், அகாயேசுவையும் முழுமையாகப் பாடநூலாக்க வேண்டும். மேலதிகாரி பொறுப்பை உள்நாட்டுச் சட்டமாக்கும் ஒரு வரைவை ஆண்டுதோறும் மாணவர்கள் எழுதி நாடாளுமன்றச் சட்ட நிலைக்குழுவுக்கு அனுப்பட்டும். தில்லி உயர்நீதிமன்றம் கேட்ட சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.