சுருட்டு நூல்களில் இல்லாத சுருட்டு

மேலைநாடுகளில் சுருட்டைப் பற்றி வெளியாகும் நூல்கள் ஒரு தனி இனம். கனத்த அட்டை, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். கடுகண்ணாவையில் மழை பிடித்துவிட்டால் மாலை நான்கு மணிக்கே கணவாயில் பனிமூட்டம் இறங்கிவிடும். அத்தகைய மாலைகளில் புரட்டுவதற்கென்றே இந்நூல்களிற் சிலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். புகைக்கும் பழக்கம் எனக்கில்லை. புகையைப் பற்றிப் படிக்கும் பழக்கந்தான்.

இவ்வகை நூல்களுக்கு மூத்தவர் என்று சீனோ டேவிடோபைச் சொல்லலாம். ஜெனீவாவிற் கடை நடத்திய இவ்வணிகர், சுருட்டைச் சுவைக்கும் முறைபற்றி 1967இல் பிரெஞ்சு மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். 1992இல் அமெரிக்காவில் 'சிகார் அபிசியனாடோ' என்னும் சஞ்சிகை தோன்றிய பின்னர் நூல்கள் வரிசை வரிசையாக வந்தன. எந்த இலை உள்ளே, எந்த இலை வெளியே, பெட்டியில் எவ்வளவு ஈரப்பதம் வேண்டும், நுனியை எப்படி வெட்டுவது, தேவதாருச் சீவலால் எப்படிப் பற்றவைப்பது என்றெல்லாம் ஆகம விதிகளைப் போல் எழுதியிருப்பார்கள். படித்து முடித்தால், சுருட்டு ஹவானாவிலே பிறந்து ஜெனீவாவிலே மோட்சம் அடைந்தது என்ற எண்ணமே மிஞ்சும்.

ஆனால் இருமுனையும் திறந்த சுருட்டுக்கு ஆங்கிலேயன் வழங்கும் 'செரூட்' என்ற பெயர் நம்முடைய 'சுருட்டு'தான். 1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' சொல்லகராதி இதனை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. சிங்களத்திலும் அது 'சுருட்டு'தான். பண்டத்தைச் செய்தவன் எவனோ அவன் இட்ட பெயரே நிலைத்தது.

ஷேர்லொக் ஹோம்ஸுக்கும் நம் சுருட்டுக்கும் உறவுண்டு. கொனன் டொயில் 1887இல் வெளியிட்ட முதல் ஹோம்ஸ் நாவலிலேயே, சாம்பலைக் கொண்டு கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். 1890இல் வந்த அடுத்த நாவலில், 140 வகைப் புகையிலைகளின் சாம்பலை வேறுபடுத்திக் காட்டும் வண்ணப்படங்களுடன் தாமே ஒரு நூல் எழுதியிருப்பதாகவும் கூறுகிறார். சுருட்டுக்கென ஒரு படநூல். அதில் உறையூர்க்காரர் சுற்றிய சுருட்டுக்கும் இடம்! அந்நூல் கற்பனை என்பதுதான் குறை.

யாழ்ப்பாணச் சுருட்டுக்கு அந்தக் கற்பனை இடமும் வாய்க்கவில்லை. யாழ்ப்பாணப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. மலையாளத்துச் சந்தை பிற்காலத்தில் தளர்ந்தபோது, தென்னிலங்கைக்கும் கண்டிச் சீமைக்கும் போன சுருட்டு பல குடும்பங்களைத் தாங்கிற்று. கொக்குவில், கோண்டாவில், இணுவில் ஆகிய ஊர்களில் சுருட்டுக் கொட்டில்கள் பெருகின. தென்னம்பொச்சு மூட்டிய புகையிற் பதமான இலையை நீவி, நரம்பு நீக்கி, பலகையில் வைத்து உருட்டுவார்கள். எண்ணிக்கைக்கே கூலி, கை ஓய்ந்தால் காசில்லை.

கை ஓயக்கூடாது, ஆனால் காது சும்மாதானே இருக்கிறது? கொட்டிலில் ஒருவர் உரத்து வாசிப்பார். மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள். வீரகேசரி, ஈழகேசரி போன்ற பத்திரிகைகளும் கல்கியின் தொடர்கதைகளும் இவ்வாறு எழுத்தறியாதவர் செவிக்கும் போய்ச் சேர்ந்தன. வாசித்தது ஒரு நாழிகையென்றால் வாதிட்டது இரண்டு நாழிகை. தொழிற்சங்கமும் இடதுசாரி அரசியலும் கொட்டிலுக்குள் எளிதாக நுழைந்ததற்கு இந்த வாசிப்பும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதே வழக்கம் கியூபாவிலும் இருந்தது என்பதைப் படநூல்களிலேதான் அறிந்தேன். 1865இல் ஹவானாவின் 'எல் பிகாரோ' தொழிற்சாலையில் இது தொடங்கியது. தொழிலாளரே தம் கூலியிலிருந்து பணம் சேர்த்து வாசிப்பவருக்குக் கொடுத்தனர். ஆபத்தை உணர்ந்த ஸ்பானிய ஆட்சி அடுத்த ஆண்டே தடை விதித்தது, தடை நிலைக்கவில்லை. டூமாவின் நாவலைத் தொழிலாளர் விரும்பிக் கேட்டதால்தான் 'மொண்டே கிறிஸ்டோ' என்ற சுருட்டுக்கு அப்பெயர் வந்தது என்பார்கள். உயர்ந்த மேடையில் அமர்ந்து வாசிப்பவரின் படம் பல நூல்களில் உண்டு. 2012இல் கியூபா இவ்வழக்கத்தைத் தேசியப் பண்பாட்டு மரபாகவே அறிவித்தது. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சிறிது பொறாமை உண்டாகும்.

சுருட்டு மலையேறி வந்த வழியையும் சொல்லவேண்டும். 1867இல் கொழும்பு-கண்டி புகையிரதப் பாதை கடுகண்ணாவை ஏற்றத்தை வென்றது. 1905இல் வடபகுதிப் பாதை பொல்காவலையிலிருந்து காங்கேசன்துறைவரை முழுமை பெற்றது. கொட்டிலிற் கட்டிய சுருட்டுப் பெட்டி பொல்காவலையில் வண்டி மாறி, றம்புக்கனையில் மூச்சுப் பிடித்து, இந்த மலையை ஏறிக் கண்டிக்குப் போகலாயிற்று. வழியிலுள்ள சிங்கள ஊர்களிலும் யாழ்ப்பாணத்தார் சுருட்டுக் கடைகளை வைத்தனர். பெயர்தான் சுருட்டுக் கடை. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பத்திரிகை யாவும் அங்கே கிடைக்கும். தேவதாருச் சீவலெல்லாம் இல்லை. தூணிலே தொங்கும் கயிற்றின் நுனியில் நெருப்புக் கனன்றபடி இருக்கும். சிங்களக் கிராமத்தவர் பலர் முதன்முதலாகப் பேசிப் பழகிய தமிழர் அந்தக் கடை முதலாளியாகத்தான் இருந்திருப்பார். முதலாளியும் அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசினார். தேசிய ஒற்றுமை பற்றி நான் கேட்ட மேடைப் பேச்சுகள் அனைத்தையும்விட அந்தக் கனல் கயிறு கூடுதலாகச் சாதித்தது.

1958இல் தமிழர் கடைகள் எரிந்தன. பலர் திரும்பி வந்து மறுபடி பலகை திறந்தார்கள். 1977இலும் எரிந்தன, அப்போதும் சிலர் வந்தார்கள். 1983 யூலைக்குப் பின்னர் வந்தவர்கள் மிகச் சிலரே. 1990இல் வடக்குக்கான புகையிரதமும் நின்றுபோயிற்று. 2014 ஒக்டோபரில் அது மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. அவ்வாண்டு டிசம்பரிலே கடுகண்ணாவையில் புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்கள் துடைத்து மெருகேற்றி நிற்கின்றன. பெட்டி அனுப்பியவரும் அதை இறக்கியவரும் இல்லை.

புகையிலை உயிர்கொல்லி என்பதில் எனக்கு ஐயமில்லை. 2015 முதல் இந்நாட்டுச் சிகரெட் பெட்டியின் எண்பது வீதப் பரப்பை நோயின் படம் அடைத்துக்கொண்டிருப்பதும் நியாயமே. சுருட்டுத் தொழில் தழைக்கவேண்டும் என்பதன்று என் வாதம். அந்தக் கூலி வேலைக்குள் ஒரு வாசிப்பு இயக்கமும், ஊர்விட்டு ஊர்போன ஒரு வணிகரின் வாழ்வும் இருந்தன. அவற்றுக்கு ஒரு நிழற்படத்தொகுப்பாவது வேண்டாமா?

கொட்டிலில் வாசிப்பவர் அமர்ந்திருக்கும் படம் ஒன்றைக்கூட நான் இதுவரை கண்டதில்லை. ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ பாரிசிலோ இதைப் படிக்கும் அன்பர்களின் பாட்டனாரோ பேரனாரோ சுருட்டுச் சுற்றியிருக்கலாம். மாத்தளையிலோ மாத்தறையிலோ கடை வைத்திருக்கலாம். பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கடை வாசலில் எடுத்த படம், கணக்குக் கொப்பி, சுருட்டுக் கட்டில் ஒட்டிய தாள் எது அகப்பட்டாலும் எறிந்துவிடாதீர்கள். படத்தில் இருப்பவரின் பெயர் தெரிந்த முதியவர் வீட்டில் இருந்தால், அதை இன்றே கேட்டுப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.