மாத்தளை மலையில் ஏலமும் வனமும்

வருஷக் கடைசியில் அந்த வருஷத்துச் சுற்றாடற் செய்திகளைத் தொகுத்துப் பார்ப்பது பத்திரிகைகளின் சம்பிரதாயமாகிவிட்டது. யானைகள் ஊருக்குள் புகுந்ததும், மலை சரிந்ததும், பத்தனைப் புல்வெளியில் தீப் பரவியதும் அந்தத் தொகுப்பில் இடம் பெறும்போது மாத்தளையின் பெயரும் உடன் வருவதுண்டு. ஆனால் ஒரு வனம் அழிவதும் தழைப்பதும் ஒரு வருஷத்தின் கணக்கில் அடங்குவன அல்ல. றத்தோட்டையிலிருந்து லக்கலைக்குச் செல்லும் பாதையில், றிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, பிட்டவலைப் பத்தனைக்கு இறங்குகிறவர் இருமருங்கிலும் காணும் நக்கிள்ஸ் வனத்தின் இன்றைய கோலத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், கோப்பிக் காலத்துக்கே திரும்பிச் செல்ல வேண்டும்.

தமக்கு உரிமையானதென்று பத்திரங்கொண்டு நிரூபிக்க இயலாத நிலமெல்லாம் முடிக்குரியது என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தபின், சேனைப்பயிர் செய்தும் மாடு மேய்த்தும் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்துவந்த மலைக்காடுகள், ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற அற்ப விலைக்கு ஆங்கிலத் துரைமாரின் கைக்குப் போயின. புதிய வரிகளும் சேர்ந்து கிளப்பிய கொந்தளிப்பு 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியாக வெடித்தது; தம்புள்ளை விகாரையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார்; கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான வீர புரன் அப்புவோ அவ்வருஷம் ஆகஸ்ட் 8ஆந் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சி அடங்கிற்று, கோடரி அடங்கவில்லை. தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிமாரின் பின்னே புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, வாந்திபேதிக்கும் காட்டுக் காய்ச்சலுக்கும் வழியெங்கும் உயிர்களைப் பறிகொடுத்து, தம்புள்ளையும் நாலந்தையும் கடந்து கால்நடையாக மாத்தளையை அடைந்த நம் மக்களின் உழைப்பைக் கொண்டே கோப்பித் தோட்டங்கள் வளர்ந்தன என்பதை இந்த மலையின் சரித்திரத்திலிருந்து பிரிக்க முடியாது.

கோப்பியின் வாழ்வோ அற்பாயுளாயிற்று. 1869இல் இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்ட இலைத்துரு நோய், ஒரு பத்தாண்டுக்குள் தோட்டங்களின் முதுகெலும்பை முறித்தது. கோப்பியைச் சுமந்து செல்லும் நோக்கத்தோடு போடப்பட்ட ரயில்பாதை மாத்தளைக்கு வந்து சேர்ந்த 1880ஆம் ஆண்டில், அப்பயிர் க்ஷீணதசையை அடைந்திருந்தது. பின்பு தேயிலை மேட்டிலும், கொக்கோவும் ரப்பரும் மிளகும் தாழ்வான சரிவுகளிலும் வேர்கொண்டன. காடு அழிந்தால் மழையும் நீரூற்றும் குன்றும் என்ற அச்சம் இதற்குள் அரசாங்கத்தாருக்கும் பிறந்திருந்தது. கியூ தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையை ஒட்டி, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டக்கூடாதென்று 1873இல் தடை பிறந்தது. இவ்வண்ணம் மலையின்மீது முதல் கோடு விழுந்தது.

அந்தக் கோட்டுக்குக் கீழே மட்டுமன்றி, மேலேயும் மெல்லப் பரவிய பயிர் ஏலம். கோப்பி காட்டை முற்றாக வெட்டிய பின்னரே நடப்பட்டது; ஏலத்துக்கோ மரநிழல் வேண்டும். ஆகவே பெருமரங்களை விட்டுவைத்து, கிளைகளை ஓரளவு கழித்து, கீழே முளைத்த செடி கொடிகளையும் இளங்கன்றுகளையும் அறுத்தெறிந்து, அந்நிழலில் ஏலக்கிழங்கைப் பதித்தார்கள். ஏலத்தின் பூங்கொத்து தண்டின் உச்சியில் வராமல் அடியிலிருந்து கிளம்பி மண்ணோடு படர்வதாகையால், காய் பறிப்பவர் அட்டைக்கடியைப் பொறுத்து, குனிந்தபடியே புதர் புதராக நகர வேண்டும். எல்லாக் காயும் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை என்பதால் சில வாரங்களுக்கொருமுறை அதே புதருக்குத் திரும்பவும் வர வேண்டும். பறித்த காயை உலர்த்தும் கொட்டகைகளுக்குக் காட்டு விறகே எரிந்தது. தூரத்திலிருந்து நோக்குவோருக்கு வனம் பசுமை குறையாததாகவே தோன்றிற்று. ஆனால் களையெடுப்பின்போது மரக்கன்றுகளும் களையோடு போய்விட்டபடியால், முதிர்ந்த மரம் சாய்ந்தால் அதனிடத்தை நிரப்பச் சந்ததி இல்லாமற் போயிற்று.

அரசே குத்தகைக்கு விட்ட காடுகளிலும் நடந்துவந்த இந்த ஏலப்பயிரை 1985இல் அரசே தடுத்தது. பாதுகாப்பின் எல்லையும் மூவாயிரத்தைந்நூறு அடிக்கு இறங்கியது. 2000ஆம் ஆண்டில் இப்பிரதேசம் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலை வனத்தோடும் ஹோர்ட்டன் சமவெளியோடும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. மூக்கில் இலைபோன்ற தசைக்கொம்பு தாங்கிய, நக்கிள்ஸ் மலைக்கு வெளியே உலகில் எங்குமே காணப்படாத ஓணான் ஒன்று இங்கே வாழ்கிறது. 1845 முதல் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் என்பாரின் பெயரை விஞ்ஞானிகள் அதற்குச் சூட்டியுள்ளனர். இம்மலையின் வடபுறத்து நீரோடைகள் அம்பன் கங்கையில் சேர்கின்றன. வசப மன்னன் காலத்தில் எலஹரையிலே வாய்க்கால் வழி திருப்பப்பட்ட அதே ஆற்றின் குறுக்கேதான், 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்தை அணைக்கட்டும் நிற்கிறது. ஆதலால் இவ்வனத்தைக் காப்பதன் பயன் உலர்வலயத்து நெல்வயல்களையும் எட்டுகிறது; ஏலப்பயிருக்கு இட்ட தடையின் நியாயத்தை மறுப்பதற்கில்லை.

எனினும் ஒன்று சொல்லியாக வேண்டும். காட்டை வெட்டிய காலத்திலும், காட்டுக்குள் ஏலம் பயிரிட்ட காலத்திலும், காட்டை மூடிய காலத்திலும், கட்டளை மேலிருந்து பிறந்தது. அதன் சுமை மலையடிவாரத்துக் கிராமத்தான்மீதும், குனிந்து காய் பறித்த கூலியாள்மீதும் இறங்கிற்று. லாபம் கண்டவர் வேறாகவும் நட்டம் சுமந்தவர் வேறாகவும் இருந்ததை மறந்துவிட்டு, ஏலக்காரனாலேதான் காடு கெட்டதென்று எழுதுவது சரித்திரமாகாது. எந்தச் செடி களை, எந்தக் கன்று நாளைய மரம் என்று கைப்பழக்கத்தால் அறிந்தவன் அவனே. களையெடுத்த அந்தக் கைக்கே கன்று வளர்க்கும் வேலையையும் அதற்குரிய கூலியையும் கொடுப்பதில், வனத்துக்கும் நன்மை உண்டு, நியாயமும் உண்டு.