கடைமடைக்குப் போன தண்ணீர்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை. கிழக்கே, கடலை ஒட்டி, எழுவான்கரை. நெல் விளைவது பெரும்பாலும் மேற்கில், சனமும் சந்தையும் நெருங்கியிருப்பது கிழக்கில். உன்னிச்சை, உறுகாமம் போன்ற குளங்களில் தொடங்கி வாய்க்கால், வயல், களவெட்டி, பிறகு வாவியைக் கடக்கும் தோணி என்று நீண்ட இந்த விநியோகத்தின் தலைவிதி, முதற்படியிலேயே முடிவாகிவிடும். மேல்மடைக்காரர் தேவைக்கு மேல் தண்ணீரைத் திருப்பினால் கடைமடை காயும். ஒருவர் தம் பங்கு வேலியைக் கட்டாமல் விட்டால், அந்த ஒரு இடைவெளியால் மாடு புகுந்து வட்டை எனப்படும் வயல்வெளி முழுவதையும் மேய்ந்துவிடும். தனக்கு எது நல்லது என்பது மற்றவர் செய்வதைப் பொறுத்தே அமைகிறது. இத்தகைய முடிவுகளை ஆராயும் விளையாட்டுக் கோட்பாட்டுக்கு 1944இல் நொய்மனும் மோர்கன்ஸ்டெர்னும் கணித வடிவம் தந்தார்கள். படுவான்கரை விவசாயிகள் அதே சிக்கலை வட்டை விதானை என்ற பொறுப்பாளரைக் கொண்டு அதற்கு வெகுகாலம் முன்பே கையாண்டிருந்தார்கள்.

விதைப்பு நாள், வேலிப் பங்கு, நீர் முறை ஆகியவற்றைக் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள்; அதைக் காப்பது விதானையின் வேலை. அவருக்கான கூலி அந்த வட்டையின் விளைச்சலிலிருந்தே நெல்லாகக் கிடைத்தது. கடைமடை காய்ந்தால் அவருக்கும் குறையும். இந்த ஏற்பாட்டின் நுட்பமே இதில்தான் இருக்கிறது என்பேன். ஒவ்வொரு போகமும் அதே மனிதர் அதே வாய்க்காலில் சந்திப்பதால் ஏய்த்தவர் மறுபோகத்தில் தப்ப முடியாது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் வந்த 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் புதிய முறை எதையும் கண்டுபிடிக்கவில்லை. பழைய நீர்ப்பாசன வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்துவதே அதன் நோக்கம்.

இது இணக்கமல்ல, பெருநிலக்காரரான போடியாரின் அதிகாரம்தான் என்று மறுக்கலாம். பெருநிலம் போடியாரிடம், உழைப்பு முல்லைக்காரரிடம் இருந்த மண்ணில் அந்த மறுப்புக்குக் கனம் உண்டு. ஆனால் அதிகாரம் மட்டுமே காரணமென்றால், போடியார் இல்லாத இடத்தில் பகிர்வு நடந்திருக்கக் கூடாது. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் சிறு காணிக்காரரே அதிகம். அங்கே கடைமடைக்கு நீர் எட்டாதது தீராத குறையாயிருந்தது. 1981இல், குளத்தில் நீர் குறைந்திருந்த நிலையில், இளம் அமைப்பாளர்கள் வாய்க்கால் வாய்க்காலாக விவசாயிகளைக் கூட்டிப் பேச வைத்தார்கள். மேல்மடைச் சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த நீர் கீழே தமிழர் வயல்களுக்கும் போனது. அடுத்தவர் செய்வதைக் கண்ணால் காண்பதும், நாளையும் அவரோடு வாழ வேண்டியிருப்பதுமே மனிதரைக் கட்டுப்படுத்தின. எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூல் பொதுவளங்களைப் பற்றி உலகுக்குச் சொன்னதும் இதற்கு அருகில்தான் நிற்கிறது.

மறுப்பின் மறுபாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். நீரைப் பங்கிட்ட படுவான்கரைக் கூட்டம் நெல்லைப் பங்கிடவில்லை. விளைச்சலில் உழுதவருக்கு எவ்வளவு என்ற கேள்வியில் முல்லைக்காரருக்குக் குரல் இல்லை. குத்தகை உழவரின் உரிமையைச் சட்டமாக்க 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வரவேண்டியிருந்தது.