நோயைக் கண்டுபிடிக்கலன்னா கேஸ் போடலாமா?

"டாக்டர் நோயைக் கண்டுபிடிக்காம விட்டுட்டார், கேஸ் போடலாமா?" சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஷிப்ட் முடிச்சு வர்றவங்க அடிக்கடி கேட்கிற கேள்வி. ஒரு பழைய வழக்கைச் சொல்றேன், கேளுங்க.

1996 ஆகஸ்ட். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை. 29-வது வாரத்திலேயே பிறந்த பெண் குழந்தை. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வச்சு உயிரைக் காப்பாத்தினாங்க, அது லேசுப்பட்ட வேலை இல்லைங்க.

ஆனா இவ்வளவு குறைமாசத்துல பிறந்தா விழித்திரை ரத்தக்குழாய்கள் தாறுமாறா வளர்ந்து பார்வை போகலாம். பிறந்த மூணு, நாலு வாரத்துல கண் டாக்டர் பார்த்தாகணும். அப்போ பிடிச்சா சிகிச்சை உண்டு. தள்ளிப்போனா கஷ்டம். அந்தக் குழந்தைக்கு அந்தப் பரிசோதனை நடக்கவே இல்லை. பார்வை போயிடுச்சு.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-ல் 5 லட்சம் தரச் சொன்னது. 2015 ஜூலை 1-ல் உச்ச நீதிமன்றம் அதை சுமார் 1.8 கோடியாக்கியது.

கவனிங்க, அங்கே யாரும் கண்ணைப் பார்த்துட்டு தப்பா சொல்லலை. பார்க்கவே இல்லை. செய்ய வேண்டியதைச் செஞ்சும் கணிப்பு தவறினா, அது மட்டுமே கவனக்குறைவு ஆகாதுன்னு 2005-லேயே ஜேக்கப் மேத்யூ வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கு.

அதனால வக்கீலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்க. என்ன டெஸ்ட் எடுத்தாங்க, திரும்ப எப்போ வரச் சொன்னாங்கன்னு பாருங்க.