செங்கல்லும் உப்பும்



குளிர் நாடுகளில் செங்கல்லுக்குப் பெரிய எதிரி உறைபனி. செங்கல்லின் நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருக்கிறது. இடம் போதாமல் கல்லை உள்ளிருந்தே பிளக்கிறது. ஆகவே அங்கே செங்கல்லையும் ஓட்டையும் நீரில் ஊறவைத்து, உறையவைத்து, இளகவைத்து, பலமுறை சோதித்த பிறகே வீடு கட்ட ஏற்கிறார்கள்.

பினாங்கில் பனி ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், உறையவைக்கும் இயந்திரம் இல்லாத காலத்தில் இச்சோதனையை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? 1820-களில் பிரார் என்ற பிரெஞ்சுக் கனிமவியலார், சோடியம் சல்பேட் உப்பைக் கரைத்துக் கொதிக்கவைத்த நீரில் கட்டடக் கல்லை இட்டு, எடுத்து உலரவிட்டார். துளைகளுக்குள் உப்பு படிகமாகிக் கல்லை உதிர்த்தது. பனியும் உப்பும் முற்றிலும் ஒன்றல்ல என்று பின்வந்தவர்கள் திருத்தினார்கள். அது வேறு கதை.

அந்த உப்புதான் நம் பினாங்கின் உறைபனி! 1786-இல் பிரான்சிஸ் லைட் நிபோங் பனைமரங்களை நட்டு எழுப்பிய கார்ன்வாலிஸ் கோட்டை, 1804 முதல் 1810 வரையில் செங்கல்லால் மாற்றிக் கட்டப்பட்டது. உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அக்கால ஆளுநர் பர்க்குவாரின் பெயரில் ஜார்ஜ் டவுனில் இன்றும் ஒரு தெரு உண்டு. சுவர் எழுப்பிய கைதிகளின் பெயரைத் தாங்கிய தெரு எதையும் நான் கண்டதில்லை. அவர்கள் விட்டுச் சென்றது அந்தச் சுவர்தான்.

கடற்காற்றும் நிலத்தடி ஈரமும் பழஞ்சுவர்களுக்குள் உப்பைக் கொண்டு சேர்க்கின்றன. நீர் ஆவியாகிறது; உப்பு தங்கிவிடுகிறது. பழைய கொத்தனார்கள் சுண்ணாம்புக் காரை பூசினார்கள். ஈரம் அதன் வழியே வெளியேறும். உதிர்ந்தால் காரைதான் உதிரும், செங்கல் பிழைக்கும். பின்னாளில், உறுதியாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு பல பழங்கட்டடங்களில் சிமெண்டு பூசினார்கள். வழி அடைபட்ட ஈரம் சுவரில் மேலே ஏறியது. வெளிப்பூச்சு கெட்டியாக நிற்க, உள்ளே செங்கல் மாவாயிற்று.

லயத்து வீட்டுச் சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புதுச் செங்கல் வாங்கினால் ஒன்றைத் தட்டில் செங்குத்தாக நிறுத்தி, ஓர் அங்குல உயரம் மழைநீர் ஊற்றுங்கள். நீர் முழுதும் வற்றிக் கல் காய்ந்ததும் இன்னொரு முறை ஊற்றிக் காயவிடுங்கள். கல்லின் பாதிக்கு மேல் வெள்ளை பூத்துப் பொருக்குத் தட்டினால், அந்தச் செங்கல்லைச் சுவருக்கு வைக்க வேண்டாம்.