ஊர் மறைந்தாலும் சாலைக்கு எண் உண்டு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹ்யூரான் ஏரியில், மேக்கினா என்றொரு சிறு தீவு இருக்கிறது. தீவைச் சுற்றி எட்டு மைலுக்கு எம்-185 என்ற மாநில நெடுஞ்சாலை ஓடுகிறது. அதில் கார் ஓட்டக் கூடாது. குதிரைகள் மிரள்கின்றன என்று வண்டிக்காரர்கள் முறையிட, 1898-லேயே மோட்டார் வாகனங்களுக்குத் தடை வந்துவிட்டது. 1933-இல் அந்தப் பாதை மாநில நெடுஞ்சாலை ஆனபோதும் தடை நீங்கவில்லை; ஆம்புலன்ஸ் போன்றவை தவிர இன்றும் சைக்கிளும் குதிரை வண்டியும்தான். இப்படிப்பட்ட விநோதங்கள் அந்த நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் உண்டு. வர்ஜீனியாவில் சிறை வளாகத்துக்குள் கிடக்கும் பாதைக்கு நெடுஞ்சாலை எண் இருக்கிறது. லூசியானாவில் சாதாரண நகரத் தெருக்கள் மாநில நெடுஞ்சாலைகளாகப் பதிவாகியிருக்கின்றன. டெக்சஸில் நெடுஞ்சாலைப் பலகையோடு கிளம்பும் தார்ச்சாலை நாலைந்து மைல் ஓடி, வயல்களுக்கு நடுவே நின்றுவிடுகிறது. வீண் செலவு, ஓட்டுக்காகப் போட்ட சாலை என்பதுதான் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் தீர்ப்பு. அது பெரும்பாலும் தவறான தீர்ப்பு என்பது என் கட்சி. இந்தச் சாலைகள் எங்கே போகின்றன என்று வரைபடத்தில் தேடிப் பயனில்லை. எண் கிடைத்த ஆண்டில் அந்தச் சாலைக்கு யார் செலவு செய்துகொண்டிருந்தார்கள், யாருக்கு அது கட்டுப்படியாகாமல் போனது என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் விடை கிடைக்கும்.

டெக்சஸிலிருந்தே தொடங்கலாம். அங்கே 254 கவுண்டிகள். கவுண்டி என்பது, நம் வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிர்வாகப் பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை சாலை முழுக்க முழுக்கக் கவுண்டியின் பாடு. வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்குச் சில நாள் சாலை வேலைக்கு வந்தாக வேண்டும் என்று சட்டமே இருந்தது. மற்றச் செலவைச் சொத்துவரியிலிருந்தும் கடன் பத்திரங்களிலிருந்தும் கவுண்டி பார்த்துக்கொள்ள வேண்டும். மாநிலத்தின் நடுவே வடக்குத் தெற்காக நீளும் கருமண் பட்டை நம் கோவில்பட்டிக் கரிசலுக்கு உறவுமுறை ஆகவேண்டிய மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் ஊறிச் சக்கரத்தை விழுங்கும். பருத்தி நன்றாக விளைந்ததும் அந்த மண்ணில்தான். விளைச்சலை ஜின்னிங் ஆலைக்குக் கொண்டுபோகும் பாதை நிற்க வேண்டியதும் அதே மண்ணில்தான். மண்பாதையை வண்டி தாங்கும் சாலை ஆக்கச் சரளையும் தாரும் வேண்டும். சொத்துவரி வசூல் மெலிந்த கவுண்டிக்கு அது எட்டாக்கனி.

1917-இல் டெக்சஸ் தனக்கென நெடுஞ்சாலைத் துறை அமைத்துக்கொண்டது. முந்தைய ஆண்டின் ஒன்றிய அரசுச் சட்டம், சாலைக்கு உதவித்தொகை வேண்டுமானால் மாநிலத்தில் ஒரு துறை இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்ததுதான் காரணம். 1923-இல் பெட்ரோலுக்கு கேலனுக்கு ஒரு சென்ட் வரி வந்தது. அதில் கால் பங்கு பள்ளிகளுக்கு. 1925-இல் லைம்ஸ்டோன் கவுண்டி வழக்கில், பொதுச்சாலைகள் மாநிலத்தின் உடைமை, கவுண்டி அதில் சொத்துரிமை கொண்டாட முடியாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1932-இல், நெடுஞ்சாலைகளுக்காகக் கவுண்டிகள் வாங்கியிருந்த பத்திரக் கடனையும் பெட்ரோல் வரியிலிருந்து மாநிலம் ஏற்றுக்கொண்டது. பதினைந்து ஆண்டுக்குள் நடந்த மாற்றம் இது: சாலையின் சுமை நிலம் வைத்திருப்பவர் தலையிலிருந்து இறங்கி வண்டி ஓட்டுபவர் தலைக்குப் போனது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. பெட்ரோல் வரியைக் கடைக்கோடிக் குடியானவனும் கட்டினான். பணமோ பெரிய ஊர்களை இணைக்கும் பெருவழிகளுக்குப் போனது. அவன் வீட்டு வாசலிலிருந்து பெருவழிக்குப் போகும் சேற்றுப் பாதை மட்டும் பழையபடி கவுண்டியின் பாடாகவே இருந்தது.

அந்த ஓட்டையை அடைக்க வந்தவைதான் ‘பண்ணையிலிருந்து சந்தைக்கு’ என்ற பெயர் கொண்ட எஃப்.எம். சாலைகள். முதல் சாலை 1937 ஜனவரியில் ரஸ்க் கவுண்டியில் முடிந்தது. மவுண்ட் எண்டர்பிரைஸ் என்ற சிற்றூரிலிருந்து ஷைலோ என்ற குடியிருப்புவரை 5.8 மைல், செலவு 48,015 டாலர் 12 சென்ட். ஷைலோ இன்று ஊராக இல்லை. பழைய குடியிருப்புகளின் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. இன்றைய வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், ஊரே இல்லாத இடத்துக்கு மாநில அரசு சாலை போட்ட கதை. போட்ட நாளில் அதன் மறுமுனையில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதை வரைபடம் சொல்லாது.

திட்டம் வேகம் பிடித்தது உலகப் போரின் முடிவில். ஊரகத் துணைச்சாலைகளுக்கென்று 1944-இல் ஒன்றிய அரசு தனி நிதி ஒதுக்கியது. அடுத்த ஆண்டே 7,205 மைல் எஃப்.எம். சாலைகளை மூன்றாண்டில் போட டெக்சஸ் நெடுஞ்சாலை ஆணையம் உத்தரவிட்டது; செலவு ஒன்றிய அரசும் மாநிலமும் ஆளுக்குப் பாதி. 1949-இல் கோல்சன்-பிரிஸ்கோ சட்டம் ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி டாலரை இதற்கென்று எழுதிவைத்தது. 1962-இல் தொகை 2.3 கோடி டாலராகவும், மொத்த நீளத்துக்கான உச்சவரம்பு 50,000 மைலாகவும் உயர்ந்தன. இன்று டெக்சஸ் மாநிலம் பராமரிக்கும் சாலைகளில் ஏறக்குறையப் பாதி இந்த வகை. நாற்பதாயிரம் மைலுக்கு மேல். ஒரு நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்: சாலைக்கான நிலத்தைக் கவுண்டி இலவசமாகக் கொடுக்க வேண்டும், தடங்கல்களை நீக்கியும் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் மாநிலம் வேலையைத் தொடங்கும். எஃப்.எம். சாலை எங்கே நிற்கிறது என்பதில் பொறியாளரின் திட்டத்தோடு, நிலம் எதுவரை கிடைத்தது, பணம் எதுவரை வந்தது என்பவையும் கலந்திருக்கின்றன. நிற்கும் இடத்தில் ‘மாநிலப் பராமரிப்பு முடிகிறது’ என்று ஒரு சிறு பலகை. அதற்கு அப்பால் பாதை முடிவதில்லை; கவுண்டியின் சரளைப் பாதையாகத் தொடர்கிறது. எங்கும் போகாத சாலை என்று கேலி செய்கிறவர்கள் பலகைக்கு அப்பால் பார்ப்பதில்லை. அங்கே மாறுவது செலவுக்காரர்தான்.

1949 என்ற ஆண்டுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அதே ஆண்டு, அதே சட்டமன்றம் கில்மர்-ஏக்கின் பள்ளிச் சட்டங்களை நிறைவேற்றியது. 4,500 பள்ளி மாவட்டங்கள் சுமார் 2,900 ஆகச் சுருங்கின. ஊருக்கு ஊர் இருந்த சிறு பள்ளிகளை மூடிவிட்டுப் பிள்ளைகளைத் தொலைவில் உள்ள பெரிய பள்ளிக்கு அனுப்புவதென்றால் மழைநாளிலும் பேருந்து ஓட வேண்டும். ஒரு சட்டம் பள்ளியைத் தள்ளிவைத்தது, மற்றது அதற்கு வழி போட்டது என்று நான் சேர்த்துப் பார்க்கிறேன். பால் வண்டிக்கும் அஞ்சல் வண்டிக்கும் அதே வழிதான். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஓடுகிறது என்ற ஒற்றைக் கணக்கால் இதையெல்லாம் அளக்க முடியாது. இருபது வண்டி ஓடும் சாலையில் ஒன்று பள்ளிப் பேருந்தாக இருந்தால், அந்த ஒன்றுக்காகத்தான் சாலை.

ஆனால், ‘அன்றைக்குத் தேவை இருந்தது, சரி, ஊர் காலியான பிறகு எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எஃப்.எம். சாலைகளின் பிற்கால வரலாறே இதற்கு இரண்டு பதில் வைத்திருக்கிறது. ஹூஸ்டனுக்கு வடக்கே எஃப்.எம். 1960 பண்ணைச் சாலையாகத்தான் பிறந்தது. நகரம் பரவி வந்து அதை விழுங்கியது. இன்று அது கடைகளும் சிக்னல்களும் நெரிசலுமாக மாநகரின் முக்கியச் சாலைகளில் ஒன்று. அப்படி நகர்மயமான சாலைகளுக்கு 1995-இல் ‘நகர்ச்சாலை’ என்று ஆவணத்தில் வகை மாற்றினார்கள். பலகைகளை மாற்ற ஆகும் செலவும் மக்களின் எதிர்ப்பும் சேர்ந்து அதைத் தாளிலேயே நிறுத்திவிட, 2018-இல் அந்த வகையே ரத்தானது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை டெக்சஸ் வடிவமும் ‘பண்ணைச் சாலை’ என்ற எழுத்தும் கொண்ட பலகை வணிக வளாகங்களுக்கு நடுவே இன்னும் நிற்கிறது. இரண்டாவது பதில் எண்ணெய். தெற்கு டெக்சஸின் ஈகிள் ஃபோர்ட் பாறைப் படுகையில் எண்ணெய் எடுப்பு மும்முரமானபோது, எவரும் சீண்டாமல் கிடந்த எஃப்.எம். சாலைகள் ஒரே இரவில் லாரிப் பாதைகளாயின. ஒரு கிணற்றை இயக்கத்துக்குக் கொண்டுவரவே ஆயிரத்துக்கும் மேல் சுமை லாரிகள் வேண்டும். பால் வண்டிக்குப் போட்ட மெல்லிய தார் அதைத் தாங்குமா? 2013-இல், சிதைந்த 83 மைலைத் தார் நீக்கிச் சரளைச் சாலையாக்கப் போவதாக மாநிலம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. தேவையில்லை என்று எழுதிவிடக்கூடிய சாலைகளில்தான் மாநிலத்தின் பெருஞ்செல்வம் உருண்டோடியது. இதை முன்கூட்டி யாரும் கணித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு சாலையின் பயனை ஒரு குறிப்பிட்ட ஆண்டின் போக்குவரத்தை வைத்துத் தீர்மானிப்பது எவ்வளவு நிலையில்லாத காரியம் என்றுதான் சொல்கிறேன்.

அரசியல் புகவில்லையா? புகுந்தது. டெக்சஸ் மலைப் பகுதியில் லிண்டன் ஜான்சனின் பண்ணையை ஒட்டிச் செல்லும் சில மைல் சாலைக்கு, அவர் குடியரசுத் தலைவரான 1963-இல், ‘ரான்ச் ரோடு 1’ என்ற எண் தரப்பட்டது. அதை மரியாதை என்று சொல்லிவிட்டுப் போகலாம். லூசியானாவை அப்படி விட முடியாது. அங்கே எந்தச் சாலை மாநில நெடுஞ்சாலை என்பதைச் சட்டமன்றமே சட்டமாக எழுதிக்கொண்டிருந்தது. பட்டியலைச் சட்டமன்றம் எழுதினால் ஒவ்வோர் உறுப்பினரும் தன் தொகுதிக்கு ஒன்று கேட்பார் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. 1955-இல் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி எண் போட்டார்கள். அப்போதும் பட்டியல் இளைக்கவில்லை. 611-1, 611-9 என்று கோடு போட்ட எண்களை நியூ ஆர்லியன்ஸ் புறநகர்த் தெருக்களுக்குக் கொடுத்தார்கள். அந்த மாநிலத்தின் மொத்தப் பொதுச்சாலைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மாநில அரசின் பொறுப்பில் இருப்பது அப்படி வந்த சுமை. வேண்டாத நெடுஞ்சாலை என்ற வசைக்கு உண்மையில் தகுதியானவை இவற்றில்தான் அதிகம். டெக்சஸ் தன் சாலைகளை நிதி வரம்பும் நீள வரம்பும் வைத்து ஓர் ஆணையத்தின் கையில் விட்டது. அந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது.

வேறு சில மாநிலங்களில் தேர்வே நடக்கவில்லை; எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டார்கள். பெருமந்தக் காலத்தில் சொத்துவரி வசூலாகாமல் கவுண்டிகள் திவால் நிலைக்குப் போனபோது, 1931-இல் வட கரோலினா தன் கவுண்டிச் சாலைகள் அத்தனையையும் ஏற்றது. சாலையில் கல்லுடைத்துக்கொண்டிருந்த கவுண்டிக் கைதிகளும் சாலையோடு சேர்ந்து மாநிலத்தின் பொறுப்புக்கு வந்தார்கள். 1932-இல் வர்ஜீனியா பேர்ட் சாலைச் சட்டத்தின் மூலம் அதையே செய்தது. விருப்பமில்லாத கவுண்டி விலகி நிற்கலாம் என்று அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. ஆர்லிங்டனும் ஹென்ரைகோவும் இன்றுவரை தங்கள் சாலைகளைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. அதே வர்ஜீனியாவில் சிறை, மனநல மருத்துவமனை, கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களின் உள்வழிகளுக்கு முந்நூறுகளில் எண் கொடுத்திருப்பதற்கும் இந்தக் கணக்குதான் பின்னணி. நெடுஞ்சாலை நிதியிலிருந்து அவற்றைச் செப்பனிட வேண்டுமென்றால் அவை நெடுஞ்சாலைப் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த எண்ணைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டிய பயணி யாரும் இல்லை. கணக்கு எழுதுபவருக்கு அது தேவை.

கடைசி எதிர்வாதம் இருப்பதிலேயே வலுவானது: காரணம் எதுவாக இருந்தாலும், உள்ளூர்ச் சாலையை உள்ளூரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமே? கொள்கையளவில் எனக்கு மறுப்பில்லை. கவுண்டியும் நகராட்சியும் 1930-களின் வறுமையில் இன்று இல்லை. மாநிலத் துறைக்கும் பெருவழிகளைப் பேணவே பணம் பற்றவில்லை. ஆனால் கொடுக்கும் விதம் என்று ஒன்று இருக்கிறது. 2013-இல் டெக்சஸ், நகரங்களுக்குள் ஓடும் சுமார் 1,900 மைல் மாநிலச் சாலைகளை நகராட்சிகளிடம் ஒப்படைக்கும் யோசனையை வைத்தது. பராமரிப்புக்கான பணம் கூடவே வரவில்லை. வரியை மாநிலம் வைத்துக்கொள்ளும், குழியை நகராட்சி அடைக்க வேண்டும் என்றால் யார் ஒப்புவார்கள்? நகராட்சிகள் கொதித்தெழுந்தன, விரும்பும் நகரம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம் சுருங்கிற்று. அதற்குப் பத்தாண்டு முன்பே அயோவா அந்தக் காரியத்தை முடித்திருந்தது. 2003 ஜூலை 1 அன்று சுமார் 700 மைல் மாநில நெடுஞ்சாலையை அது கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் மாற்றியது. அவற்றைப் பராமரிக்க மாநிலச் சாலை நிதியிலிருந்து அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பங்கையும் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தது.